செவ்வாய்க்கிழமைப் பாண்

சமாதான காலத்தில் முள்ளியவளைக்குத் திரும்பிய மீராசாகிபு, ஜெனரேற்றர் வைத்து ஒரு கணினிக் கடை நடத்தினார். அங்கே பொடியள் வாளும் குதிரையுமாய் விளையாடிய திரையிலிருந்து 2003 ஆவணியில் காசு கொட்டத் தொடங்கியது. அந்த மாதம் தேங்காய் விலையும் ஏறியிருந்தது. நூறு செம்பு ஒரு வெள்ளி, நூறு வெள்ளி ஒரு பொன் என்று அவர் மட்டையில் எழுதித் தொங்கவிட்டார். ஒரு செம்பைத் திரைக்குள் நீட்டினால் அந்த உலகத்துச் சத்திரக்காரன் சுடச்சுட ஒரு பாண் ரொட்டி தருவான். பொன்னுக்குக் கோட்டை, அது அங்கேயேதான் நிற்கும். மிச்சக் காசு கொடுக்கும் வழக்கம் அவனிடம் இல்லை.

மட்டையை யார் வாசித்தார்கள்? பொன் என்றதும் ஊருக்குச் சீதனம்தான் நினைவு வந்தது. கனவான்கள் செம்பைக் காலால் தள்ளிவிட்டுப் பொன்னுக்கு முட்டிமோதினார்கள். கடை கூட்டிய கலிஸ்ரா, தள்ளிய செம்பையெல்லாம் பால்மாத் தகரத்தில் சேர்த்தாள். செவ்வாய்க்கிழமைகளில் பாண் வாங்கி, அந்தோனியார் கோயில் வாசலில் நேர்த்திக்கடனாகப் பகிர்ந்தாள்.

அவளை நிறோஜனுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். அவன் தகப்பன், படகு முதலாளி மரியநேசன், தகரத்தைத் திறந்து பார்த்தார்.

"எடி பிள்ளை, இதென்ன, செம்போ? கிடாரம் வார்க்கவோ? என்ரை பொடியனுக்குப் பொன்னோடை பெட்டை வருவாள்."

வந்தாள். கலியாணம் நடந்தது, ஒரு பேத்தியும் பிறந்தாள். கலிஸ்ரா கடையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

யுத்தம் முடிந்த 2009இல் எல்லாரும் செட்டிகுளம் முகாமுக்குள் இருந்தார்கள். திரை இல்லாததால் சத்திரக்காரன் முள்வேலிக்கே வந்தான். காவலுக்கு நின்றவர்கள் அவனையும் ஒரு பாண்காரனாகவே எண்ணினார்கள். மரியநேசன் பொன் மூட்டையோடு முன்னே நின்றார். பேத்தி பசியில் அழவும் பலமில்லாமல் அவர் தோளில் கிடந்தாள்.

"முழு மூட்டையையும் எடு. ஒரு பாண் தா."

"கோட்டை தரலாம். பாண் செம்புக்குத்தான்," என்றான் சத்திரக்காரன்.

படகு முதலாளிக்கு அப்போதுதான் விலை விளங்கியது. பின்னால் நின்ற கலிஸ்ரா இரண்டு செம்பை நீட்டி இரண்டு பாண் வாங்கி, ஒன்றைப் பிள்ளையின் கையில் வைத்தாள். அவர் தலை குனிந்தார்.

"நான் உனக்கு என்னத்தைத் தாறது, பிள்ளை?"

"இண்டைக்குச் செவ்வாய், மாமா. இது அந்தோனியாற்றை பாண். காசுக் கதை கதையாதேங்கோ."

அன்றிரவு பொன் மூட்டை அவருக்குத் தலையணையாயிற்று. அதன் உண்மையான விலை அவ்வளவுதான். மறுநாள் புதன், நேர்த்தியில்லாத நாள். கலிஸ்ராவைக் கண்டதும் சத்திரக்காரன் கேளாமலே இரண்டு பாண் நீட்டினான், அவளுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று.