விரலுக்குத் தெரிந்த தூரம்

நாடகக் குழுவில் அவளுக்கு 'மூடி' என்று பெயர் வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் டிக்கெட் கிழிப்பவர்வரை அந்தப் பெயர் பரவிவிட்டது. நல்ல பெயர் இத்தனை வேகமாகப் பரவி யாராவது பார்த்ததுண்டா?

நடந்தது இதுதான். ஒத்திகையைப் படமெடுக்க வந்தவள், லென்ஸ் மூடியைக் கழற்றாமலேயே முதல் காட்சி முழுவதையும் எடுத்துத் தள்ளிவிட்டாள். மற்ற கேமராக்களில் லென்ஸ் வழியாகத்தான் பார்ப்பார்கள். மூடி இருந்தால் இருட்டாகத் தெரியும், பச்சைக் குழந்தைகூட கண்டுபிடித்துவிடும். அவளுடையது ரேஞ்ச்ஃபைண்டர். அதில் பார்க்கிற சன்னல் லென்ஸை விட்டுத் தனியே மூலையில் இருக்கிறது. லென்ஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் சன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். பின்பக்கத் திரையைப் பார்த்திருந்தால் குட்டு அப்போதே வெளிப்பட்டிருக்கும். இருட்டு அரங்கில் வெளிச்சம் தெரியக் கூடாதென்று அதையும் அவளே அணைத்து வைத்திருந்தாள். எடுத்த அத்தனை படமும் கன்னங்கரேல் என்று இருந்தது.

"இருட்டை இவ்வளவு அழகா யாரும் எடுத்ததில்லம்மா," என்றார் இயக்குநர். மேடையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு மானம் போயிற்று.

அவளும் அண்ணனும் சேர்ந்துதான் ஸ்டுடியோ நடத்துகிறார்கள். அண்ணனின் புதுக் கேமரா தானே முகத்தைத் தேடும், தானே வெளிச்சத்தை அளக்கும். அவன் பேசுவதைக் கேட்டால், விட்டால் அது துணியும் துவைத்துப் போடும் என்று தோன்றும். அவளுடையதும் டிஜிட்டல்தான். ஆனால் ஷட்டர் வேகத்துக்கு மேல்பக்கம் ஒரு சக்கரம், வெளிச்சத்துக்கு லென்ஸில் ஒரு வளையம், தூரத்துக்கு லென்ஸின் அடியில் விரல் வைக்க ஒரு சின்னப் பிடி. எல்லாவற்றையும் கையால்தான் திருப்ப வேண்டும்.

"இவ்வளவு காசைக் கொட்டி யாராவது வேலையை விலைக்கு வாங்குவாங்களா?" என்பான் அண்ணன்.

அந்த அண்ணனும் ஒத்திகையில் வாங்கிக் கட்டிக்கொண்டான். தங்கைக்குப் பதிலாக அவன் கேமராவைத் தூக்கியதும், முகத்தைத் தேடுவதற்காக அது ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கைப் போட்டது. இருட்டில் கதாநாயகியின் மூக்கு மட்டும் தக்காளிபோல் ஜொலித்தது.

"என் மேடையில நான் வைக்காத விளக்கு எரியக் கூடாது!" இயக்குநர் போட்ட சத்தத்தில் அண்ணன் பெட்டியைக் கட்டிவிட்டான். அந்த விளக்கை அணைக்க வழியிருந்தது. ஆனால் அது எந்த மெனுவின் எந்தப் பொந்தில் இருக்கிறதென்று அவனுக்கே தெரியவில்லை.

ஆக, வேறு வழியில்லாமல் மூடிக்கே இரண்டாவது வாய்ப்பு வந்தது. வந்த வாய்ப்பும் லேசுப்பட்டதல்ல. முதல் நாள் காட்சியில் கதாநாயகி இடுப்புவரை தொங்கும் தன் சொந்தக் கூந்தலை மேடையிலேயே வெட்டிக்கொள்ளப் போகிறாள். மறுநாளிலிருந்து எல்லாம் ஒட்டுமுடிதான். அந்தக் கணம்தான் வாசலில் வைக்கப்போகும் பெரிய படம். தவறவிட்டால் குழுவின் வேலை போகும். அதையாவது விடலாம், மூடி என்ற பெயர் ஆயுசுக்கும் போகாது. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

முதல் நாள் மதியமே காலி அரங்கில் போய் உட்கார்ந்தாள். கதாநாயகி உட்காரப்போகும் முக்காலியைக் குறிவைத்துத் தூரத்தைச் சரிசெய்தாள். பிடி நேராகக் கீழ்நோக்கி நின்றபோது முக்காலி துல்லியமாகத் தெரிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிடியை அங்கும் இங்கும் தள்ளினாள். முன்வரிசை நாற்காலி, நடைபாதைத் தூண், மேடையின் விளிம்பு என்று ஒவ்வொன்றையும் விரலால் தேடிவிட்டு, கண்ணைத் திறந்து சரிபார்த்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டா எடுக்கப்போற?" என்றான் கூட வந்திருந்த அண்ணன்.

"ஆமா. நீ திறந்து வெச்சுக்கிட்டு என்னத்தக் கிழிச்ச?"

அவன் லென்ஸ் மூடியைக் கேட்டு வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது கேலியா அக்கறையா என்று அவளுக்குப் புரியவில்லை.

மாலையில் அரங்கு நிரம்பி வழிந்தது. கடைசிக் காட்சியில் விளக்குகள் எல்லாம் அணைந்தன. கதாநாயகி ஒரு கையில் சின்ன விளக்கும் மறுகையில் கத்தரிக்கோலுமாக வந்தாள். முக்காலியை நெருங்கினாள். உட்காரவில்லை. அதைத் தாண்டி, மேடையின் விளிம்புவரை வந்து, விளக்கைக் காலடியில் வைத்துவிட்டு மண்டியிட்டாள்! நடிகைக்கு அந்த நிமிடத்தில் தோன்றியது அது, யாரைக் கேட்டு என்ன பயன்?

மூடி கேமராவை மேடையின் விளிம்புக்குத் திருப்பினாள். பக்கத்தில் அண்ணன், "போச்சு," என்று முணுமுணுத்தான்.

சன்னலில் இரண்டு மங்கல் உருவம்தான் தெரிந்தது. அவை ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் தூரம் சரி. அந்த இருட்டில் சேர்ந்ததா இல்லையா என்று யார் கண்டது? அவள் கண்ணை நம்புவதை விட்டாள். மேடையின் விளிம்பு எங்கே என்று விரலுக்குத் தெரியும். பிடியைத் தள்ளினாள், விரல் நின்ற இடத்தில் நிறுத்தினாள். கதாநாயகி குனிந்து மண்டியிட்டதில் முகம் விளக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் வெளிச்சம் கூடியிருந்தது. சக்கரத்தை 'டக், டக்' என்று இரண்டு படி கூடுதல் வேகத்துக்குத் திருப்பினாள். அந்தச் சத்தம் அவள் விரலுக்கு மட்டும்தான் கேட்டது. எந்தத் திரையும் எரியவில்லை, ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

கத்தரிக்கோல் உயர்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு அலகும் சேர்ந்த கணத்தில் அழுத்தினாள்.

காட்சி முடிந்ததும் ஒப்பனை அறையில் மடிக்கணினியைத் திறந்தார்கள். வெட்டுப்பட்ட கூந்தல் காற்றில் இன்னும் விழாமல் நின்றது. அதற்கு மேலே கதாநாயகியின் முகம், கண்ணீர் கண்ணின் ஓரத்தில் திரண்டு நிற்பதுவரை, ஊசிமுனைபோல் கூர்மையாக இருந்தது. கதாநாயகி குட்டை முடியைத் தடவியபடி நெடுநேரம் பார்த்தாள்.

"இது நடிப்பு இல்லங்க. நான் நிஜமாவே அழுதேன். யாருக்கும் தெரியலன்னு நினைச்சேன்," என்றாள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பெருசா அடிங்க. வாசல் கொள்ற அளவுக்கு," என்றார். பிறகு அவளைப் பார்த்து, "படத்துக்குக் கீழ உங்க பேரைப் போடணும். முழுப் பேரையும் எழுதிக் குடுங்க," என்றார்.

அவள் அழுதாள். வெட்கமே படாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரித்துக்கொண்டே அழுதாள். ஜெயித்தவள் எப்படி வேண்டுமானாலும் அழலாம்.

மறுவாரம் அரங்கின் வாசலில் ஆளுயரத்துக்கும் மேலே படம் நின்றது. அதன் முன்னால் ஒருவன் காலை அகட்டி நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்து, "என் தங்கச்சி எடுத்தது, எல்லாமே கையாலயே திருப்பி," என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அண்ணே," என்றாள் அவள் பின்னாலிருந்து, "கொஞ்சம் தள்ளி நில்லு. என் பேரை மறைக்கிற."