வெளுத்துப்போன வியாழக்கிழமை

பிலோமினா வீட்டு வியாழக்கிழமை வெளுத்துப்போனதற்குப் பிளீச்சிங் பவுடரைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

தூத்துக்குடியில் மழை விட்டதும் சுவர்களில் கருப்பாகப் பூஞ்சை படியும். பிலோமினா அதைச் சும்மா விடுகிறவள் அல்ல. கையுறை மாட்டி, ஜன்னல்களைத் திறந்துவைத்து, வாளித் தண்ணீரில் பவுடரைக் கரைத்துத் தெளியவிடுவாள். ஆசிட் பாட்டிலை அதன் பக்கத்தில்கூட வைக்கமாட்டாள். கழிப்பறை, பாத்திரம் கழுவும் தொட்டி, மாடிப்படி என்று தெளிந்த தண்ணீர் தீரும்வரை துடைப்பாள். அவள் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு, இப்போதுதான் குளோரின் போட்ட தண்ணீர்த்தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததுபோல் இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை காலண்டருக்குப் பின்னால் இருந்த பூஞ்சை மட்டும் போக மறுத்தது. அவள் பவுடரைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டாள். காலண்டரைக் கழற்றி வைத்திருக்கலாம். ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்த்தாள். ஒரு சொட்டு தெறித்து வியாழக்கிழமைக் கட்டத்தில் விழுந்தது. துணியால் ஒற்றி எடுப்பதற்குள் தேதி போய்விட்டது. அதன் கீழே பொடி எழுத்தில் இருந்த புனிதரின் பெயரும் போய்விட்டது.

அவள் கணவர் சூசைமாணிக்கம் துறைமுகத்து எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலண்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தண்ணி பத்தல, பிலோமி” என்றார்.

பேனாவால் தேதியை எழுதினார். அது சற்று நேரம் நின்று, பிறகு வெளுத்தது.

“இந்த வாரம் நமக்குப் புதனுக்கு அடுத்தது வெள்ளிதான்.”

வேறொரு வாரமாக இருந்தால் இருவரும் அத்தோடு விட்டிருப்பார்கள். போன வருஷம் எதிர்வீட்டு டெய்லருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. எடுத்துவைத்த கறி மிஞ்சியதைத் தவிர அவருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் இந்த வியாழக்கிழமைதான் மகன் ஆன்றோவின் கப்பல் வருகிறது. கப்பல் வேலைக்குப் போன பிறகு அவன் சொந்த ஊர்த் துறைமுகத்துக்கு வருவது இதுவே முதல் தடவை. விடிந்ததும் வந்து, சரக்கை இறக்கிவிட்டு, பொழுது சாயக் கிளம்பிவிடும்.

கீழ்வீட்டு ரெஜினாவிடம் வியாழக்கிழமை இருந்தது. அவள் ஓய்வு பெற்ற டீச்சர், தனியாக இருக்கிறாள். ஆனால் பிலோமினாவோடு பேச்சுவார்த்தை கிடையாது. மாடிப்படி கழுவிய பிளீச்சிங் தண்ணீர் வழிந்து, ரெஜினாவின் பாட்டில் பச்சைப் பட்டுச்சேலையில் பாதியை மஞ்சளாக்கியிருந்தது. அன்றிலிருந்து ஒருத்தி படியேறினால் மற்றவள் கதவைச் சாத்திவிடுவாள்.

பிலோமினா செவ்வாய்க்கிழமை காலை கையில் எதுவும் இல்லாமல் கீழே போனாள். பலகாரம் கொண்டுபோனால் காரியத்துக்கு வந்ததுபோல் இருக்கும் என்று நினைத்தாள். காரியத்துக்குத்தான் வந்திருந்தாள்.

“மதினி, உங்க வியாழக்கிழமய எங்களுக்குக் கொஞ்சம் தருவீங்களா?”

ரெஜினா கதவைப் பாதி திறந்தபடி யோசித்தாள்.

“எனக்கே வாரத்துக்கு ஒண்ணுதான் இருக்கு. சாயங்காலம் கோயில்ல குழந்தை இயேசு நவநாள் ஜெபம். அதுக்கு நான் போயாகணும்.”

“மத்தியானம்வரைக்கும் போதும் மதினி. ஆன்றோ வாரான்.”

ஆன்றோவுக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் ரெஜினா. கதவு முழுதாகத் திறந்தது.

“சரி. மத்தியானம்வரைக்கும் நான் புதன்கிழமையிலேயே உக்காந்திருக்கேன். தேய்க்கிற துணி கிடக்கு. ஆனா ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கும். என் ஒருத்திக்குன்னு உள்ள நாள் அது.”

பிலோமினா மெல்லப் படியேறினாள். ஒவ்வொரு ஞாயிறும் ஆன்றோ அவளோடு போனில் பேசுவான். என்ன சாப்பிட்டான், எந்தக் கடலில் இருக்கிறான், உடனிருக்கும் பர்மாக்காரன் எப்படிக் குறட்டை விடுகிறான் என்பதுவரை அவளுக்குத் தெரியும். போனை அப்பாவிடம் கொடுத்தால் மட்டும் இரு பக்கமும் பேச்சில்லாமல் வெறும் இரைச்சல்தான் கேட்கும். கப்பலுக்குப் போகாதே என்று அவரும், போவேன் என்று அவனும் சண்டை போட்டதோடு சரி. வழியனுப்பக்கூட அவர் வாசலுக்கு வரவில்லை. பிள்ளையின் முகத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பிலோமினாவின் கை பரபரத்தது. அந்தக் கையாலேயே ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

“நீங்க போங்க” என்றாள்.

“நான் போய் என்னத்தப் பேச?” என்றார் சூசைமாணிக்கம்.

“பேச வேண்டாம். கொழம்பச் சூடு பண்ணிக் குடுங்க.”

“அவன் உன்னத்தான் தேடுவான்.”

“தேடட்டும்.”

புதன்கிழமை அவள் சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். மீன் குழம்பு மறுநாளைக்குத்தான் ருசி. அந்த மறுநாள் தனக்கு இல்லை என்பதால் அடுப்படியில் நின்றபடியே ஒரு கரண்டி குடித்துப் பார்த்துக்கொண்டாள். உப்பு சரியாக இருந்தது. சட்டியைத் துணியால் கட்டி அவர் கையில் கொடுத்தாள். அவர் தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் படுக்கப் போனார். பிலோமினா விளக்கை அணைத்துக் கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது வெள்ளிக்கிழமை. நடுவே எதுவும் இல்லை. ஜெபம் சொல்லலாம் என்று உட்கார்ந்தாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

சூசைமாணிக்கம் கழுவிய சட்டியோடு படியேறி வந்தார். அவளைவிட அரை நாள் கூடுதலாக வயதாகியிருந்தார். லேசாக நொண்டினார்.

“மதினி முழங்கால் வலி அந்த நாளோடயே இருக்கு” என்றார். “வாங்கும்போது யாரும் சொல்லல.”

“வந்தானா?”

“வந்தான். கதவத் தட்டி, ‘டீச்சர்’னான். அது அவங்க நாள் பாத்தியா, நானும் ‘உள்ள வா தம்பி’ன்னேன்.”

“பிறகு?”

“மெலிஞ்சிருக்கான். மீசை வச்சிருக்கான். குழம்பு அவ்வளவையும் தின்னான். மதினி வீட்டுக் குழாய் ஒழுகிக்கிட்டே கிடந்துச்சு. ரெண்டு பேருமா கழட்டி வாஷர் மாத்தி மாட்டினோம். அதுலயே நேரம் போயிருச்சு.”

“அப்பான்னு கூப்பிட்டானா?”

அவர் சட்டியை மேடையில் கவிழ்த்து வைத்தார்.

“ரெண்டு தடவ. முதல்ல ஸ்பேனர் கேக்கும்போது.”

“ரெண்டாவது?”

“அப்ப ஒண்ணும் கேக்கல. சும்மா கூப்பிட்டான்.”

பிலோமினா அடுப்பைப் பற்றவைத்தாள். பற்றிய பிறகுதான் அதன்மேல் எதுவும் வைக்கவில்லை என்று பார்த்தாள். அவர் பின்னால் வந்து நின்று, “உன் கையத்தான் கேட்டான். பிளீச்சிங் போட்டுப் போட்டு இன்னும் வெடிச்சிருக்கான்னு” என்றார்.

கீழே ரெஜினா யாரிடமோ, “கொஞ்சம் பின்னால போங்க, பின்னால” என்று சொல்வது கேட்டது. அரைநாள் வலியில்லாமல் இருந்ததில் அவள் குரல் நன்றாகத் தெளிந்திருந்தது.

அடுப்படி ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்த இரும்புச்சுவர் ஒன்று மெதுவாக நகர்ந்து வந்து, ஜன்னல் கம்பிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. சற்று மேலே கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி மீசையோடு ஒருவன் குனிந்து பார்த்தான்.

“யம்மா” என்றான். “நேத்துச் சாயங்காலமே கிளம்பிட்டோம், மெயின் ரோட்டுல திருப்ப இடமில்ல. முன்னால நிக்கிற குப்பை வண்டிய எடுத்ததும் போயிருவோம்.”

பிலோமினா ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினாள். அவன் இன்னும் குனிந்து கன்னத்தைக் கொடுத்தான். மீசை குத்தியது. உள்ளங்கை வெடிப்பு அவனுக்கு உறுத்துமே என்று கையைப் புரட்டிப் புறங்கையால் தடவினாள். அவன் அதைத் திரும்ப உள்ளங்கைப் பக்கமாகவே திருப்பி வைத்துக்கொண்டான்.

தெருவில் பால்காரர் சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு கப்பலைச் சுற்றிப் போனார்.

“எல்லாருக்கும் காபி போடட்டுமா?” என்றாள்.

“போடு” என்றான் ஆன்றோ. “கேப்டனுக்கு மட்டும் சீனி வேண்டாம்.”

சூசைமாணிக்கம் பரணிலிருந்து பெரிய பாத்திரத்தை இறக்கினார்.