மூன்றாம் நம்பர் வேன் நிற்கும் இடம்

கருத்தையா அண்ணாச்சிக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையைச் செய்தால் எப்படி இருக்கும் என்பதை ஒரு மாதம் என்னிடம் செய்து காட்டினார். வேன் ஏன் லேட் என்று கேட்டால், முதல் நாள் நாய் குறுக்கே வந்துவிட்டது என்றார். மறுநாள் டயரில் கரிசல் அப்பிக்கொண்டது என்றார். மழை பெய்து நாற்பது நாளாகிறதே என்று நான் கேட்டதும், "அப்போ அது பழைய கரிசலா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

கோவில்பட்டியில் ஒரு லாரி ஆபீசில் வண்டிகளை அனுப்புவது என் வேலை. பெயர் இசக்கிச்செல்வி. கோபம் சட்டென்று வரும், போகத்தான் நேரமாகும். தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற பதினொரு லாரி, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போகிற நான்கு லோடு வேன், எல்லாம் என் பொறுப்பு. மூன்றாம் நம்பர் வேனை ஓட்டுவது கருத்தையா. பசுவந்தனைப் பக்கத்து ஊர்களில் வீட்டில் இருந்தபடியே தீப்பெட்டிக்கு வெறும் கூடு ஒட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். காலையில் அவர்களுக்கு அட்டை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்புவார். சாயங்காலம் காலி வண்டியாகப் போய், ஒட்டிய கூடுகளை ஏற்றிக்கொண்டு வருவார்.

தை மாதம் முதலாளி பூவனநாதன் ஒரு சாப்ட்வேர் வாங்கிப் போட்டார். எந்த வண்டி எந்த ஊருக்கு முதலில் போனால் டீசல் மிச்சம் என்று அதுவே வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும். டிரைவர் ஒவ்வொரு ஊரிலும் போனில் ‘வந்தாச்சு’, ‘கிளம்பியாச்சு’ என்று இரண்டு பொத்தானை அமுக்க வேண்டும். முதலாளி அதைப் புது மாப்பிள்ளையைத் தாங்குவதுபோல் தாங்கினார். அதற்குத் தூசி படக்கூடாது என்று என் மேஜைக்கு மேல் இருந்த ஜன்னலைக்கூட அடைத்துவிட்டார். மாசி வெயிலில் வெந்தது நான்தான்.

அந்த சாப்ட்வேர்தான் கருத்தையாவைக் காட்டிக் கொடுத்தது. எல்லா ஊரிலும் நாலு நிமிடம், ஐந்து நிமிடம். உசிலங்குளம் என்ற ஊரில் மட்டும் காலையில் இருபத்து மூன்று நிமிடம், சாயங்காலம் பன்னிரண்டு நிமிடம். அங்கே அட்டை வாங்குவது ஒரே ஒரு வீடு. மற்ற பெண்கள் எல்லாம் பஸ் ஏறித் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்கிற தொழிற்சாலைக்கே வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வீட்டுக்காக மெயின் ரோட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே போய், ஏழு கிலோமீட்டர் வெளியே வர வேண்டும். சாப்ட்வேர் அந்த ஊரைச் சிவப்பாக்கி, எடுத்துவிடலாம் என்று எழுதியது. வெள்ளிக்கிழமை நீயே போய்ப் பார்த்துவிட்டு வா, சரியென்றால் சனிக்கிழமை எடுத்துவிடலாம் என்று முதலாளி சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை வேனில் ஏறி உட்கார்ந்தேன். ஆள் அங்கே மரத்தடியில் தூங்குகிறார் என்பதுதான் என் எண்ணம். கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தைகளைக்கூட எடுத்து வைத்திருந்தேன். பருத்தி எடுத்து முடிந்த காடுகளுக்கு நடுவே ரோடு நேராகப் போனது.

உசிலங்குளத்தில் ஓட்டு வீட்டு முன்னால் வேன் நின்றது. அட்டைக் கட்டை இறக்கி வைத்ததும் கருத்தையா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் போனில் நேரம் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

உள்ளே கட்டிலில் ஒரு பெரிய உருவம். சோலைமுத்து என்று பெயர். வாதம் வந்து மூன்று வருடமாக ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மகள் தங்கமாரி, முப்பத்தாறு வயது, என்னைவிட ஒல்லி. தாய் இல்லை, அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை, அதனால் கல்யாணமும் இல்லை. அவள் ஒருத்தியால் அந்த உடம்பைப் புரட்டத்தான் முடியும், தூக்க முடியாது. கருத்தையா பழகிய கையோடு அவர் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி, கொல்லைப்புறக் கல்லில் உட்கார வைத்து, சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டார். தங்கமாரி தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டாள். பிறகு துவட்டி, வேட்டி மாற்றி, வேப்ப மரத்தடி நாற்காலிக்குத் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். சாயங்காலம் வேன் வந்து உள்ளே தூக்கிப் போகிறவரை அவர் அங்கேதான் இருப்பார். போனைப் பார்த்தேன். இருபத்து மூன்று நிமிடம். எடுத்து வைத்திருந்த வார்த்தைகளை நினைத்து வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போது தங்கமாரி வேன் பக்கத்தில் வந்து நின்றாள். ஊரை எடுத்துவிடப் போகிற விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, அவிய மேல தப்பில்ல. விடிஞ்சதுலயிருந்து ‘வண்டி வந்துட்டா, வண்டி வந்துட்டா’ன்னு எங்க அய்யா கேட்டுக்கிட்டே கெடப்பாவ. நீங்க அட்டைய நிப்பாட்டினாலும் நிப்பாட்டுங்க. நான் வேற வேல பாத்துக்கிடுதேன். வண்டி மட்டும் வரணும்க்கா."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. முகம் சிவந்துபோய் உள்ளே போய்விட்டாள். நான் கருத்தையாவைப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதில் தூசியே இல்லை.

திரும்பும் வழியில் நேராகவே கேட்டேன், கல்யாணம் செய்துகொண்டால் என்ன என்று. அவருக்கு நாற்பத்து மூன்று வயது. மூன்று தங்கைகளைக் கரையேற்றிவிட்டுப் பார்த்தபோது தன் வயது போயிருந்தது. கோவில்பட்டியில் ஒற்றை அறையில் பொங்கித் தின்கிற மனிதர். போன வருடமே தங்கமாரியிடம் கேட்டுவிட்டாராம். அய்யாவை விட்டு வர முடியாது, அவரும் இந்த ஊரையும் மரத்தையும் விட்டு வரமாட்டார் என்று அவள் சொன்னாளாம். அது நியாயம்தான் என்றார்.

"அப்போ நீங்க அங்கன போயிருங்க அண்ணாச்சி."

பசுவந்தனை தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லுவாவம்மா. மூணு தங்கச்சியக் கட்டிக் குடுத்துருக்கேன். அந்த மாப்பிள்ளைமாரு முன்னால நான் எப்படித் தல நிமுந்து நிக்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தெனமும் ரெண்டு வாட்டி அந்த மனுசனத் தூக்குதீங்க, அது வெக்கமில்ல. தாலியக் கெட்டிட்டுத் தூக்குனாத்தான் வெக்கமாக்கும்" என்றேன்.

சனிக்கிழமை சீக்கிரமே ஆபீசுக்குப் போய்த் திரை முன்னால் உட்கார்ந்தேன். உசிலங்குளத்தை எடுத்தால் எவ்வளவு மிச்சம் என்று சாப்ட்வேர் காட்டிக்கொண்டே இருந்தது. எப்படி மாற்றிப் போட்டாலும் அந்த ஊர் சிவப்பாகத்தான் வந்தது. எரிச்சலில் மேலே இருந்த கட்டத்தைப் பார்த்தேன். வண்டி நிற்கும் இடம்: கோவில்பட்டி ஷெட். எல்லா வண்டிக்கும் அதுதான். அதை அழித்துவிட்டு உசிலங்குளம் என்று போட்டேன்.

கோடு புதிதாக வந்தது. காலையில் உசிலங்குளத்தில் கிளம்பி, வழியெல்லாம் கூடுகளை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி. சாயங்காலம் இங்கே அட்டை ஏற்றி, வழியெல்லாம் இறக்கிக்கொண்டு உசிலங்குளம். காலியாக ஓடும் ஓட்டமே இல்லை. தினம் எழுபது கிலோமீட்டர் குறைந்தது. பச்சையாக வந்தது. இதை ஏன் முன்பே சொல்லித் தொலைக்கவில்லை என்று அதைத் திட்டினேன். பாவம், வண்டி நிற்கும் இடத்தை மாற்றலாமா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

முதலாளி மூன்று தடவை பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"அப்போ கருத்தையா அங்கன எங்க தங்குவான்?"

"அது அவிய பாடு முதலாளி. நீங்க ஆர்டர மட்டும் லெட்டர்பேடுல அடிச்சு, முத்திரை குத்திக் குடுங்க."

ஒரு வேனை நிறுத்துவதற்கு முத்திரை எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குத்திக் கொடுத்தார்.

கருத்தையா அந்தத் தாளை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். நிர்வாகத்தின் உத்தரவுப்படி மூன்றாம் நம்பர் வேனும் அதன் டிரைவரும் இனி உசிலங்குளத்தில் தங்க வேண்டும்.

"ஏம்மா, இது சாப்ட்வேர் சொல்லுதா, நீ சொல்லுதியா?"

"சாப்ட்வேர்தான் அண்ணாச்சி. நான் இடத்த மட்டுந்தான் மாத்துனேன்."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். அன்று சாயங்காலம் திரையில் உசிலங்குளத்தின் மேல் மூன்றாம் நம்பர் வேனின் புள்ளி நின்றது. பன்னிரண்டு நிமிடம் ஆனது, முப்பது ஆனது, ஐம்பது ஆனது. வேறு நாளாக இருந்தால் போனில் கிழித்திருப்பேன். அன்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவரே கூப்பிட்டார். "கிளம்பியாச்சும்மா" என்றார். பொத்தானை அமுக்க மறந்துவிட்டார். தங்கமாரி சரியென்று சொல்லிவிட்டாளாம்.

பங்குனியில் உசிலங்குளம் அம்மன் கோவிலில் கல்யாணம். வேப்ப மரத்தடி நாற்காலியைக் கோவிலுக்கே கொண்டுவந்து சோலைமுத்துவை உட்கார வைத்திருந்தார்கள். பந்தியில் அந்த ஆர்டர் கை மாறி மாறிப் போனது. மூத்த தங்கையின் கணவர் சங்கரபாண்டி அதைச் சத்தமாகப் படித்தார். மச்சானை இப்படிக் கொண்டுவந்து தள்ளிவிட்டார்களே என்று கம்பெனியைத் திட்டிவிட்டு, கருத்தையாவின் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார். கருத்தையா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என்ன செய்ய மாப்பிள்ள, கம்பெனி ஆர்டரு" என்றார். பொய் சொல்ல வராத மனிதர். அது பொய்யும் இல்லை. எனக்கு வந்த சிரிப்பை முந்தானைக்குள் அடக்க வேண்டியதாயிற்று.

மறு திங்கள்கிழமை காலை திரையைத் திறந்தேன். நிற்கிற ஊர்களின் வரிசையில் உசிலங்குளம் இல்லை. கோடே அங்கிருந்துதான் கிளம்பியது. அதற்கு முந்திய இருபத்து மூன்று நிமிடம் எந்தக் கட்டத்திலும் இல்லை. அதைக் கேட்க எனக்கும் உரிமையில்லை, முதலாளிக்கும் இல்லை. சரியாக ஏழரைக்குக் கருத்தையா கூப்பிட்டார்.

"கிளம்பியாச்சும்மா."

சோலைமுத்து எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். குளித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

"இன்னைக்கும் விடிஞ்சதும் பழைய ஞாபகத்துல ‘வண்டி வந்துட்டா’ன்னு கேட்டாவம்மா. ‘வண்டி எங்கயும் போகல மாமா, இங்கனதான் நிக்கி’ன்னு சொன்னேன்."