முள்வெளியில் முதற்குடி

சாத்தூருக்குக் கிழக்கே, வைப்பாற்றின் மணற்படுகை வெளுத்த துகிலென நீண்டு கிடக்க, அதன் தென்கரையில் கண்ணெட்டும் தொலைவெல்லாம் சீமைக்கருவேல முள்ளே செறிந்து நின்ற கரிசல்வெளியை, கற்றறிந்த அன்பரே, உச்சிப்பொழுது கழிந்து நிழல் நீளத் தொடங்கும் வேளையில் காண்பீராக. கோடையில் வெடித்த நிலம் நீர்வேட்கையால் வாய்திறந்த விலங்கெனக் கிடந்தது. காடையின் குரலன்றி அங்கு வேறோர் ஒலியில்லை.

நிலமற்ற கூலிக் குடியினர் சிலர்க்கு அரசு அவ்வெளியைப் பகுத்தளித்தது. அவர்களோ சிவகாசி வெடியாலைகளில் உழைத்துப் பிழைப்பவராதலின், முள்ளையும் வறட்சியையும் கண்டு முகஞ்சுளித்துத் திரும்பினர். சோலைச்சாமியும் அவன் மனைவி மாரித்தாயும் மட்டுமே ஓலைக்குடிசை கட்டித் தங்கினர். ஆலைத்தீயில் தன் தமையனைப் பறிகொடுத்திருந்த சோலைச்சாமி, இனி வெடிமருந்தைக் கையால் தீண்டுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தான்.

"பேச்சுத்துணைக்கு ஒரு ஆளு இல்லையே இங்கன" என்று அவள் கலங்கியபோது, "நாம இருந்தா நாலு பேரு வருவாக, புள்ள" என்றான் அவன்.

வெட்டிய இடத்திலேயே மீண்டும் தளிர்க்கும் அம்முள்ளை வேரோடு அகழ்ந்தும், அகழ்ந்த வேரை மூட்டமிட்டுக் கரியாக்கி விற்றும், கிடைத்த இடைவெளியில் கம்பு விதைத்தும், தாழ்ந்த நிலத்தில் மழைநீர் தேங்க ஊருணி தோண்டியும் இருவரும் உழைத்தனர். ஊருணியின் கரை பாதி எழுந்திருந்த புரட்டாசியில், முட்புதர் ஒன்றை விலக்கிய சோலைச்சாமியைக் கண்ணாடி விரியன் தீண்டியது. தோளில் அவனைத் தாங்கி, வண்டித்தடம் வழியே அவள் நெடுஞ்சாலையை அடைந்தபோது, அவள்மேல் சாய்ந்திருந்த உடல் குளிர்ந்துவிட்டிருந்தது.

ஈமக்கடன் முடிந்தபின் அவனுடைய தமக்கை அய்யம்மாள் அவளை அழைத்துப் போக வந்தாள்.

"ஒத்தையில இங்கன எப்படி இருப்ப தாயி? ஆலையில எடம் கேட்டு வச்சிருக்கேன், வந்துரு."

"கரை இன்னும் முடியலையே, மதினி" என்றாள் மாரித்தாய்.

அய்யம்மாள் அழுதுகொண்டே சென்றாள். மாரித்தாய் தனியே மண் சுமந்தாள். கூடையை இறக்கிவிட அருகில் ஆளில்லாததால், குனிந்து தானே கவிழ்த்தாள். நாள்முழுதும் வாய் திறவாது கழிந்தமையால், அந்தியில் தன் இருமலொலி கேட்டுத் தானே திடுக்கிட்டாள். கரை முழுதும் எழுந்தபோது ஐப்பசி பிறந்தது. கருமுகில் திரண்டு, இடி முழங்கி, கரிசல் கரைந்தோடப் பொழிந்த மழை ஓய்ந்த காலையில், ஊருணி விளிம்புவரை நிறைந்து வானத்தை ஏந்தி நின்றது. கண்டவள், "ஏங்க, இங்க வாங்க!" என்று உவகை பொங்க அழைத்துக்கொண்டே குடிசைப்பக்கம் திரும்பினாள். திரும்பியவள் அங்கேயே ஈரமண்ணில் அமர்ந்துவிட்டாள்.

நீருண்டு என்ற செய்தி பரவ, நிலம் பெற்றிருந்தோர் ஒவ்வொருவராக வந்து குடியேறினர். முள் அழிந்து தெரு எழுந்தது. ஆலை வண்டிகள் விடியலில் தெருமுனைவரை வந்து ஆளேற்றின. இருக்கன்குடி மாரியம்மனை நாடி நடப்போர் கரையிலிறங்கி நீர் பருகிச் சென்றனர்.

புதிதாய் மணமுடித்து அவ்வூர் வந்த எழில் என்பாள், ஒருநாள் நீர் முகக்கையில், "இங்கன மொத மொதல்ல குடிவந்தது நீங்கதானாமே, அத்தை?" என்று வினவினாள்.

"நாங்க ரெண்டு பேரு, தாயி" என்றாள் மாரித்தாய்.

அப்பெண் அந்த மற்றொருவரைத் தேடித் தெருவை நோக்கினாள். வாயில்தோறும் மாந்தர் நின்றனர், மழலையர் ஆடினர், அடுப்புகள் புகைந்தன. அன்பரே, வெற்றுவெளி ஊராகி நிறையக்கூடும். ஊரெல்லாம் திரண்டு வந்தாலும் ஒருவர் இடம் நிறைவதில்லை.