கீழ்த்தெருவுக்குத் தூக்கிய கை

மழை பெய்தால் மேல்சந்திலிருந்து ஜுசாராவை இறக்க நாலு ஆள் வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கு அதன் ஒரு காலைப் பிடித்து, வழுக்கும் செம்மண்ணில் குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்க வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பெண். ரத்தம் சுத்தம் செய்ய ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். மாநகராட்சி வேன் குன்றின் அடியிலேயே நின்றுவிடும். டிரைவர் இறங்கமாட்டான், ஹாரன் மட்டும் அடிப்பான்.

அவளுடைய அம்மா நேய்வாவுக்கு ஒரு சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் போர்வை தூக்கித் தூக்கித் தோள் மரத்துப்போனவள். சந்துக்குத் தார் வரவேண்டும், வேன் வாசலில் வந்து நிற்கவேண்டும். இதற்குமேல் அவளுக்கு ஆசை என்று ஒன்றும் கிடையாது.

போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் தார் கேட்டு யார் வீட்டு வாசலிலும் போய்க் கும்பிட வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கூட விளையாட்டுக்கூடத்தில் வட்டாரக் கூட்டம் நடக்கும். இந்த வருஷப் பணம் சாலைக்கா, வடிகாலுக்கா, வீட்டுக்கா என்று முதலில் கை தூக்குவார்கள். அப்புறம் எந்தத் தெரு என்று தூக்குவார்கள். அதிகக் கை எந்தப் பக்கமோ, வேலை அந்தப் பக்கம். இல்லாதவனிடமும் கை இருக்கிறது. நேய்வா வீடுவீடாக ஏறி இறங்கி, படுத்துக்கிடந்தவனைக்கூட எழுப்பி, சந்து மொத்தத்தையும் கூட்டத்துக்குத் திரட்டிக்கொண்டு போனாள்.

கூடத்து வாசலிலேயே அடெமார் மடக்கிவிட்டான். கீழ்த்தெருவில் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருப்பவன். கையில் குழல் செருகிய சுரைக்குடுவை நிறைய மாத்தே, அந்த ஊர்க் கசப்புத் தேநீர்; கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்.

"அக்கா, அங்க பாருங்க. கோயில்மேட்டுக்காரன் அவன் தெருவுக்குக் கை தூக்க பஸ் வச்சு ஆள இறக்குறான். நீங்க தனியா தூக்கினா நீங்களும் தோப்பீங்க, நாங்களும் தோப்போம்."

"அப்ப உன் ஆளுங்கள எங்க சந்துக்குத் தூக்கச் சொல்லு."

"கீழ போடாம மேல எப்படிக்கா போடுவான்? ரோலர் என்ன பறந்தா வரும்? இந்த வருஷம் கீழ்த்தெரு. அடுத்த வருஷம் எங்க கை மொத்தமும் உங்க சந்துக்கு. எங்கம்மா மேல சத்தியம்."

"உங்கம்மாதான் எப்பவோ செத்துப்போச்சே."

"அதனாலதான் சத்தியம் கெட்டியா நிக்கும். இந்தாங்க, குடிங்க."

குடுவையை நீட்டினான். நேய்வா வாங்கிக் குழலில் வாய்வைத்து உறிஞ்சி, அடிவரை குடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவன் வெந்நீர் ஊற்றி அதே குழலில் தானும் குடித்தான். ஒரே குழலில் குடித்தவர்களுக்கு நடுவில் எழுத்து எதற்கு, சாட்சி எதற்கு? அந்த ஊரில் அப்படித்தான்.

பக்கத்து வீட்டு க்ளெசிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "கைய கடன் குடுக்குறியேடி, திரும்பி வருமா?" என்றாள்.

"ரோலர் பறக்காதுல்ல? அந்த ஆளு சொல்றது நியாயந்தான். பேசாம தூக்கு."

தூக்கினார்கள். கீழ்த்தெரு ஜெயித்தது.

தார் போட்டு முடித்த ஞாயிறன்று கீழ்த்தெருக்காரர்கள் நடுத்தெருவில் கங்கு பரப்பி மாட்டு விலா சுட்டார்கள். மேல்சந்தையும் கூப்பிட்டார்கள். அடெமார் தன் கையாலேயே கொழுப்புள்ள துண்டாகப் பார்த்து ஜுசாராவின் தட்டில் வைத்தான். டாக்டர் கூடாதென்று சொன்ன கறி. அவள் ஆசையாகப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் தள்ளினாள். வேன் இப்போது கீழ்த்தெரு முடியும் இடம்வரை ஏறிவந்தது. தூக்கும் தூரம் பாதியானது. "பாத்தியா?" என்றாள் நேய்வா. க்ளெசி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

குளிர்காலத்து மழை வந்தது. மேல்சந்துச் சேறு எப்போதும் போலக் கீழே ஓடியது. முன்பெல்லாம் சேறு சேற்றில் விழுந்தது. யார் கண்ணிலும் படவில்லை. இப்போது கருந்தார் மேல் செம்மண் அப்பிக்கொண்டு நின்றது. தெருவை உயர்த்திப் போட்டதால் வீடுகள் தாழ்ந்துபோய், தண்ணீர் வாசல்படி தாண்டியது. அடெமாரின் கடைக்குள் டயர்கள் மிதந்தன.

"மேல இருக்கறதுங்க கழிசடையெல்லாம் நாங்களா வாரணும்?" என்று கீழ்த்தெருப் பெண் ஒருத்தி விளக்குமாறும் கையுமாகக் கத்தினாள்.

"போன வருஷம் வரைக்கும் நீயும் இதே சேத்துலதான்டி கிடந்த! தார் போட்டதும் மகாராணி ஆயிட்டியா?" என்று க்ளெசி மேலிருந்து கொடுத்தாள்.

நேய்வா அவள் வாயைப் பொத்தாத குறையாக உள்ளே இழுத்துப்போனாள். கூட்டம் வரும்வரை கீழ்த்தெருவோடு சண்டை கூடாது.

கூட்டநாளில் கீழ்த்தெரு திரண்டு வந்தது. கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. அதைப் பார்த்ததும் நேய்வாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சொன்ன சொல் தவறவில்லை, மனுஷன்!

மேடையில் மாநகராட்சிப் பெண் முதல் கேள்வியைக் கேட்டாள். "சாலைக்குக் கை தூக்கறவங்க?"

மேல்சந்து மொத்தமும் தூக்கியது. நேய்வா தூக்கிய கையோடு திரும்பிப் பார்த்தாள். கீழ்த்தெருக் கைகள் எல்லாம் மடியில் கிடந்தன.

"வடிகாலுக்கு?"

காடு எழுந்த மாதிரி கைகள் எழுந்தன. அடெமாரும் ஒரு கையில் குடுவையைப் பிடித்துக்கொண்டு மறுகையைத் தூக்கியிருந்தான். கோயில்மேட்டுக்காரர்கள் வீட்டுக்குத் தூக்கியும் எட்டவில்லை. பணம் வடிகாலுக்குப் போனது. சாலைக்கென்று இந்த வருஷம் ஒன்றும் இல்லை என்றாகிவிட்டது. எந்தச் சந்து என்ற கேள்வியே எழவில்லை.

நேய்வா நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றாள்.

"அடெமாரு, உங்கம்மா மேல பண்ண சத்தியம் எங்க?"

"அக்கா, சத்தியத்த நான் மீறல. எந்தச் சந்துன்னு கேட்டிருந்தா உங்களுக்குத்தான் தூக்கியிருப்பேன். அதுக்கு முன்னாடியே சாலை தோத்துப்போச்சு."

"தோக்கடிச்சது யாரு?"

"தண்ணிக்கா. கடைக்குள்ள முழங்கால் தண்ணி. அதுவும் உங்க சந்துலருந்து வர்ற தண்ணி."

மாநகராட்சிப் பெண் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். கீழ்த்தெரு முடியும் இடத்தில், மேல்சந்தின் வாயை அறுத்துக்கொண்டு, ஆழமான திறந்த வாய்க்கால்.

"இதுக்கு மேல வேன் எப்படிம்மா போகும்?" நேய்வா கேட்டாள்.

"மேல சாலையே இல்லையேம்மா. ஆள் நடக்க ஒரு சிலாப் போடுவாங்க."

"பின்னால சாலை வந்தா?"

"அப்ப பாலம் வேணும்னு தனியா கேக்கணும்."

வேலையை மேற்பார்க்க மக்கள் குழு ஒன்று அமைக்கவேண்டும். அடெமார் எழுந்து, "நேய்வா அக்கா பேரப் போடுங்க, அவங்கள மாதிரி பொறுப்பான ஆள் கிடையாது" என்றான். கூடம் கைதட்டியது. நல்ல மனதோடுதான் தட்டினார்கள்.

நேய்வா மேடையேறி ஒலிபெருக்கியை வாங்கினாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் அமைதியானார்கள்.

"நாளைக்கு விடியக்காலம் எம்பொண்ண இறக்கணும். யாரெல்லாம் தூக்க வர்றீங்க? கை தூக்குங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் கூடமே தூக்கியது. விளக்குமாற்றோடு கத்தினவளும் தூக்கினாள். மாநகராட்சிப் பெண் பழக்கதோஷத்தில் விரல் நீட்டி எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் மழை. கீழிருந்து ஹாரன் கேட்டது. க்ளெசியும் அவள் புருஷனும் வந்து நின்றார்கள். கீழ்த்தெருவிலிருந்து ஒரே ஒருவன் சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறிவந்தான், அடெமார். வேண்டாம் போ என்று சொல்ல நேய்வாவுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அவனையும் சேர்த்தால்தான் நாலு ஆள். விழுங்கிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்க்கா பிடிக்கட்டும்?" என்றான் அவன்.

"முன்பக்கம்" என்றாள். இறக்கத்தில் பாரம் முழுவதும் அங்கேதான் விழும்.