ஏதோ இருக்கோம்

கண்ணாடிக்கடைக்காரரின் முகம் மங்கத் தொடங்கியபோது, பழி முதலில் வாடிக்கையாளர்களின் கண்கள்மேல் விழுந்தது. கல்லாவுக்குப் பின்னால் நின்றவருக்கு மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போகவே, தம் பார்வைதான் குறைந்துவிட்டதென எண்ணிப் பலரும் கண்ணாடியின் பவரை மாற்றிக்கொண்டனர். அந்த ஆண்டு வியாபாரம் இரட்டித்தது. பிறகு தையல்கடை அம்மாளின் முகமும், அஞ்சலகத்தில் முத்திரை குத்துபவரின் முகமும், பேருந்து நடத்துநரின் முகமும் ஈரம் பட்ட மைபோலக் கலைந்தபின்தான், கோளாறு பார்ப்பவரிடம் இல்லை என்பது ஊருக்கு உறைத்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆகவில்லை. மங்கியவர்கள் அனைவரும் நிம்மதியாக வாழ்ந்தவர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "ஏதோ இருக்கோம்" என்று சொல்லிப் பழகியவர்கள். உண்மையில் துன்பப்பட்டவர் எவரும் மங்கவில்லை. அவர்கள் தம் நிலையை மறைக்காமல் சொல்லிவந்தனர். ஏதோ என்பது இன்னதென்று சுட்டாத சொல் என்றும், தம்மையே அதனால் குறிப்பவர் இன்னாரென்று தெரியாமல் போவதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை என்றும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.

மருந்து தற்செயலாகக் கிடைத்தது. ஒரு மாலை நடத்துநர், மடியில் குழந்தை தூங்க, காலை நீட்டி அமர்ந்திருந்தபோது, மனைவி கேட்ட கேள்விக்கு "நல்லா இருக்கேன்டி" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். முதலில் மூக்கு வந்தது. விளக்கணைப்பதற்குள் மீசையும் வந்துவிட்டது. அதன்பின் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதே ஊரில் பெரிய வேலையாயிற்று. படிக்கட்டிலும் பேருந்து நிறுத்தத்திலும் கேட்டவர்கள், பதில் வரும்வரை நின்றனர். வெட்கத்தோடு தொடங்கிய பதில்கள் நாளடைவில் நீண்டன: நன்றாகத் தூங்கினேன், தண்ணீர் நேரத்துக்கு வந்தது, கோபித்துக்கொண்டு போன தம்பி போன் செய்தான். பொய் மட்டும் செல்லுபடியாகவில்லை. வங்கி மேலாளர் ஒலிபெருக்கி வைத்துத் தம் மகிழ்ச்சியை அறிவித்து, எஞ்சியிருந்த காதையும் இழந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் சொல்லவில்லை. அவர் மகிழ்ச்சியாக இல்லை என்று யாரும் கூற முடியாது. கதவடைத்தபின் அவரும் மனைவியும் விற்காத பிரேம்களை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பது தெருவரை கேட்கும். ஆனால் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அவர் கொள்கை. பிறர் கண்ணால் பிழைத்தவருக்குப் பிறர் கண்மேல் அத்தனை அச்சம்.

"இந்த முகத்தைப் பாத்துத்தானே கட்டிக்கிட்டேன்? இப்ப கரைஞ்ச சோப்பு மாதிரி இருக்கு," என்பாள் மனைவி. "ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க. கதவைச் சாத்திட்டேன், யாருக்கும் கேக்காது."

"என்னத்தைச் சொல்ல? ஏதோ இருக்கோம்."

"ஏதோவா? இத்தனை வருஷமா பக்கத்துல நிக்கிறேனே, நான் ஏதோவா?"

அவர் சிரித்தார் என்பதைத் தோள் குலுங்கியதைக் கொண்டுதான் அறிய முடிந்தது. முகம் மங்கியபின் பிறந்த மகள், புகைப்படங்களிலும் அது மங்கிப்போயிருந்ததால், அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே வளர்ந்து, கண் பரிசோதனை கற்று, அதே கடையில் வந்து அமர்ந்தாள்.

பின்னர் மனைவி நோயில் விழுந்தாள். மருத்துவமனைக் கட்டிலின் கம்பியைப் பற்றி நின்றவரிடம், "உங்க முகமே மறந்துபோச்சுங்க. இப்பவாவது சொல்லுங்க," என்றாள். அவர் வாய் திறந்தார். அப்போதுதான் சிக்கல் புரிந்தது. அந்த வாக்கியம் உண்மையாக இருந்த காலமெல்லாம் அவர் அதைச் சொல்லவில்லை; சொல்லத் துணிந்த அன்று அது பொய்யாகியிருந்தது.

"நீ வீட்டுக்கு வா. வந்ததும் சொல்றேன்."

"அதையும் தள்ளிப்போடுங்க," என்றாள் அவள். வீட்டுக்கு அவள் வரவில்லை.

அவள் இல்லாத முதல் மழைக்காலத்தில் மகள் கேட்டாள்: "அம்மாகிட்ட ஏம்பா சொல்லவே இல்ல? எங்களோட நீங்க நல்லாவே இல்லையா?"

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்தார். "நல்லா இருந்தேம்மா," என்றார். "ரொம்ப ரொம்ப நல்லா இருந்தேன்."

இறந்தகால வினை இறந்தகாலத்தில் மட்டும் வேலை செய்தது. அவர் முகத்தில் மாற்றமில்லை. வீட்டிலிருந்த பழைய புகைப்படங்கள் அனைத்திலும் அவர் அன்று மாலையே தெளிந்துவிட்டார். கடற்கரையில், மொட்டை மாடியில், கடைவாசலில் வாயெல்லாம் பல்லாக நின்றார். முன்பல் ஒன்று சற்றே கோணல் என்பதை மகள் அப்போதுதான் அறிந்தாள். முகம் மங்கியபின் எடுத்த ஒவ்வொரு படத்திலும் மனைவி, படமெடுப்பவரைப் பாராமல், அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா பாக்கலியேப்பா," என்றாள் மகள். அவர் படங்களை வாங்கி ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைப்பதற்கு அவற்றில் ஒன்றுமில்லை.

அவற்றுள் ஒன்றை மகள் சட்டமிட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினாள். வாடிக்கையாளர்கள் இப்போது படத்தைப் பார்த்தே பேசுகின்றனர். பதில் கீழிருந்து வருகிறது. படம் ஓயாமல் சிரிப்பதால் விலையை இன்னும் குறைக்கச் சொல்கின்றனர் என்பதே கடையின் தற்போதைய குறை.