கொத்தாவி

மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை, ஆற்றோரத்து ஒன்பது மாடிக் குடியிருப்பில் புதிய லிப்ட் பேசத் தொடங்கியது. என்ன பேசுவதென்று அதுவே தீர்மானித்துக்கொள்ளும். குடியிருப்போர் சங்கம் ‘சிறுமி’ குரலைத் தேர்ந்தெடுத்திருந்தது.

மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது.

“தள்ளி நில்லுங்க, லிப்ட் கொத்தாவி விடுது!”

அவர் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது.

“என்ன மாமா, ஷாக் அடிச்சிருச்சா? பழைய லிப்ட்டே தேவலைபோல!” என்றான் கூட வேலை செய்யும் மைத்துனன்.

“பாப்பா சொல்றதுடா இது.”

அவன் சிரிப்பு நின்றது. மற்ற எல்லாச் சொற்களையும் திருத்தமாகச் சொன்ன குரல், அவர் மகள் இடறிய ‘கொட்டாவி’ என்ற அதே ஒரு சொல்லில் இடறியது. காய்ச்சலில் அவள் போய் இரண்டு வருடமாகிறது.

போனில் பதிவான அவள் பேச்செல்லாம் ஒரு நிறுவனத்தின் சேமிப்பில் மட்டுமே மிஞ்சியிருந்தது. மனைவி தினமும் துணி மடித்துக்கொண்டே கேட்பாள். ‘இடம் நிறைந்துவிட்டது’ என்று போன் சொன்னபோது, இலவசமாகக் கூடுதல் இடம் கிடைக்கிறதென்று நிபந்தனைகளைப் படிக்காமலே ‘சம்மதம்’ அழுத்தியவர் மெக்கானிக். லிப்ட்டின் குரலும் அதே நிறுவனத்துடையது.

அவர் வீட்டில் சொன்னதும், “கண்டவங்களுக்கும் எம்பொண்ணு கதவு தொறந்து விடணுமா? எடுக்கச் சொல்லுங்க,” என்றாள் மனைவி.

நிறுவனத்தில் ஒரு பெண் பேசினாள். “அது யாரோட குரலும் இல்ல சார். லட்சம் பேர் பேச்சுலேர்ந்து கத்துக்கிட்டது.”

“அந்த வார்த்தை எம்பொண்ணோடதும்மா.”

“கதை, பாட்டுன்னா காப்புரிமை கேக்கலாம். ஒத்தை வார்த்தைக்கு எப்படி சார்? வேணும்னா உங்க பதிவை நீக்கச் சொல்றேன்.”

“நீக்குங்க.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடாம.”

லிப்ட்டிலிருந்து நீக்குவார்கள் என்றுதான் அவர் நினைத்தார்.

மறுநாள் மாலை மனைவி போனோடு வந்தாள். “ஏங்க, பாப்பாவக் காணோம்.”

மீண்டும் அழைத்தார். இம்முறை ஓர் ஆண். “நீங்க கேட்டபடி நீக்கிட்டோம் சார். திரும்ப வராது.”

“லிப்ட்ல இன்னும் பேசுதே?”

“கத்துக்கிட்டத மறக்கடிக்க முடியாது சார்.”

அன்று மனைவி துணி மடிக்கவில்லை. அதன்பின், அவர் அந்தக் கட்டடத்துக்குப் பராமரிப்புக்குப் போகும்போதெல்லாம் கூடப் போனாள். அவர் வேலையை முடிக்கும்வரை லிப்ட்டுக்குள் நின்று, கதவை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

சிறுமியின் குரல் எரிச்சலாக இருக்கிறதென்று ஜூன் மாதம் சங்கம் முடிவெடுத்தது. மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் ‘ஆண், நடுவயது’ என்று மாற்றிவிட்டு, சோதித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.